மூன்று விரல் சிலுவை

என் மகள் சிலுவை அடையாளம் போடும்போது மோதிர விரலையும் சுண்டு விரலையும் உள்ளங்கைக்குள் மடக்கிக்கொள்வாள். மறைக்கல்வி டீச்சர், யார் இப்படிச் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டிருக்கிறார். அப்பா என்றாளாம். அது பாதி உண்மைதான். நான் அதை என் மாமாவிடம் படித்தேன். அந்தக் கதையைத்தான் பிள்ளைகளே, உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

மாமா என் அம்மாவின் தம்பி. ஜார்ஜ்டவுனில் எங்கள் பிளாட்டில் எங்களோடுதான் இருந்தார். தினமும் காலையில் மோட்டார் சைக்கிளை ஃபெரியில் ஏற்றி அக்கரைக்குப் போய், மாக் மண்டினில் ஒரு ஃபேக்டரியில் வேலை பார்த்தார். நான் பிறப்பதற்கு முன்பே அங்கே ஒரு மிஷின் அவருடைய வலது கையில் இரண்டு விரல்களை வாங்கிக்கொண்டது. மோட்டார் ஓட்டும்போது அந்தக் கை கையுறைக்குள் இருக்கும். மற்ற நேரமெல்லாம் கால்சட்டைப் பாக்கெட்டுக்குள் குடியிருக்கும். கல்யாண வீட்டில் இலை போட்டால் வயிறு சரியில்லை என்பார். வீட்டில் இடது கையில் கரண்டி. மாதா கோயிலில் இடது கையால் சிலுவை, அதுவும் கடைசித் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு.

எனக்கு மாமா என்றால் பைத்தியம். அவர் தலை வாருகிற மாதிரி வாருவேன். அவர் இருமினால் எனக்கும் இருமல் வரும். கோயிலிலும் அவர் பக்கத்தில்தான் நிற்பேன். அதனால் எனக்கும் சிலுவை என்றால் இடது கைதான். அப்பாவுக்கு ஷிஃப்ட் வேலை, கவனிக்கவில்லை. அம்மா கவனித்தார். ஆனால் தம்பியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னைத் திருத்தாமல் விட்டுவிட்டார்.

முதல் தடவை நற்கருணை வாங்கப் பிள்ளைகளைத் தயார்செய்யும் புதுநன்மை வகுப்பில் மாட்டிக்கொண்டேன். டீச்சர் கண்டிப்பானவர். வரும் ஞாயிறு பூசை முடிந்ததும் ஒவ்வொருவரும் முன்னால் வந்து சரியாகச் சிலுவை போட்டுக் காட்ட வேண்டும், தவறினால் அடுத்த வருஷம்தான் என்று சொல்லிவிட்டார். வெள்ளைச் சட்டை தைத்தாகிவிட்டது. நிபோங் திபாலில் இருந்த பெரியம்மா வீட்டுக்கும் சொல்லியாகிவிட்டது. அம்மா என் வலது மணிக்கட்டில் சிவப்பு ரிப்பன் கட்டினார். அப்பா என்னை இடதுகை சாமியாரே என்று கூப்பிட்டுச் சிரித்தார். எதுவும் பலிக்கவில்லை. பிதா என்றதும் ரிப்பன் கட்டாத கைதான் எழுந்தது.

சனிக்கிழமை சாப்பாட்டின்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

"மாமாவும் இந்தக் கையிலதானே போடுறாரு? அவர மட்டும் ஏன் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறீங்க?"

மாமா கரண்டியை வைத்துவிட்டு, மோட்டாருக்கு எண்ணெய் போடவேண்டும் என்று எழுந்து போனார். அன்று காலையில்தான் நானும் அவரும் பெட்ரோல் நிலையத்துக்குப் போய் எண்ணெய் நிறைத்துக்கொண்டு வந்திருந்தோம்.

ஞாயிறு வந்தது. என் பெயரைக் கூப்பிட்டார்கள். ரிப்பன் இல்லாமல் முன்னால் போய் நின்றேன். எந்தக் கை என்று யோசிக்க யோசிக்க இரண்டு கையும் எனக்கு ஒரே மாதிரி தெரிந்தன. அப்போது தூணுக்குப் பின்னாலிருந்து மாமா வெளியே வந்து, நடுவழியில் நடந்து, என் பக்கத்தில் வந்து நின்றார்.

"டீச்சர், ஒரு நிமிஷம்லா," என்றார். பிறகு என்னிடம் குனிந்து, "மாமாவப் பாத்துப் போடுடா. அவசரமில்ல."

வலது கையைப் பாக்கெட்டிலிருந்து எடுத்தார். பெஞ்சில் இருந்த ஒரு பையன், விரலைக் காணோம் என்று உரக்கச் சொன்னான். அவன் அம்மா அவன் வாயைப் பொத்தினார். மாமா திரும்பவில்லை. அந்த மூன்று விரல்களும் மெதுவாக நெற்றிக்குப் போயின, நெஞ்சுக்கு வந்தன, இடது தோள், வலது தோள். நானும் போட்டேன். மாமா செய்வதை அச்சாகச் செய்யவேண்டுமே, அதனால் இரண்டு விரலை மடக்கிக்கொண்டேன். டீச்சர் திருத்த வாயெடுத்தார். மாமாவின் கையைப் பார்த்தார். என் பெயருக்கு நேரே ஒரு குறி போட்டார்.

அன்று மத்தியானம் மாமா கரண்டி கேட்கவில்லை. கை கழுவி வந்து மீன் குழம்பைச் சோற்றில் பிசைந்தார். அம்மா சாப்பிடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கோ, மீன் தலை யாருக்கு என்பதுதான் கவலை.

மாமா இப்போது சிம்பாங் அம்பாட்டில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். கல்யாண வீடுகளில் முதல் பந்தியிலேயே உட்கார்ந்துவிடுவார். உயிர்த்த ஆண்டவர் தோமாவிடம் காயம்பட்ட கையை மறைக்காமல் நீட்டினாரே, அந்தப் பகுதியைக் கோயிலில் வாசிக்கும்போதெல்லாம் எனக்கு மாமா ஞாபகம்தான் வரும்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. அன்று கோயிலை விட்டு வெளியே வந்து மோட்டார் நிறுத்திய இடத்துக்கு நடக்கும்போது, மாமா அந்தக் கையாலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கை நனைந்து போயிருந்தது. வாசலில் தீர்த்தம் தொட்டிருக்கிறார் என்று நினைத்து, அந்த ஈரத்தை எடுத்து என் நெற்றியிலும் பூசிக்கொண்டேன். மாமா அன்று தீர்த்தத் தொட்டிப் பக்கமே போகவில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.