டார்ச் அடித்துப் பார்த்தார்கள்

அரசுப் பணத்தில் நடக்கும் எந்தக் காரியமும் எங்கள் ஊரில் குத்துவிளக்கு ஏற்றாமல் தொடங்காது. புகையிலையை ஒழிக்கும் ஆராய்ச்சியும் அப்படித்தான் தொடங்கியது. காஞ்சிபுரத்தில் நான் பாடம் நடத்தும் கல்லூரியில்தான் நடந்தது. 

புகையிலைக் கட்டுப்பாடு, புற்றுநோய்த் தடுப்பு இரண்டிலும் ஆராய்ச்சி செய்ய நிதி தருவதாக அறிவிப்பு வந்தபோது முதலில் ஆசைப்பட்டவள் நான்தான். எங்களுடையது நெசவுக் குடும்பம். தறிக்குழியில் உட்கார்ந்தவன் பீடி பிடிக்க முடியாது, ஒரு பொறி பட்டால் பட்டு போய்விடும். அதனால் புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வார்கள். துப்ப எழுந்தால் வேலை நிற்கும், எச்சில் தெறித்தால் சேலை கெடும். ஆகவே வாயை இறுக மூடிக்கொண்டு சாறை விழுங்கிவிடுவார்கள். காஞ்சிபுரத்து நெசவாளிகள் எத்தனை அமைதியானவர்கள் என்று சேலை வாங்க வரும் வெளியூர்க்காரர்கள் வியப்பார்கள். வாய் நிறைய புகையிலை இருந்தால் யார்தான் அமைதியாக இருக்க மாட்டார்கள்? அடுத்த தெருவில் தறி போட்டிருக்கும் என் அண்ணனும் அப்படியொரு அமைதியான மனிதர்.

அந்தச் சமயத்தில் அண்ணனுக்குக் காரம் எரியத் தொடங்கியிருந்தது. ரசம் பட்டாலே கண்ணில் தண்ணீர் வந்துவிடும். மோரும் சோறுமாகச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார். நல்ல புற்றுநோய் மருத்துவமனையே பஸ்ஸில் போய்வருகிற தூரத்தில்தான் இருக்கிறது, வா, காட்டிவிட்டு வரலாம் என்று பார்க்கும்போதெல்லாம் கெஞ்சினேன், சண்டையும் போட்டேன். “சேலை பாதியில நிக்குதும்மா, அறுத்துட்டு வரேன்” என்பார். நெய்து முடித்த ஒரு சேலையைத் தறியிலிருந்து அறுத்து இறக்கினால் அதே பாவு நூலில் அடுத்த சேலை காத்திருக்கும்.

இதையெல்லாம் மனதில் வைத்துத்தான் விண்ணப்பத்தை எழுதினேன். பல் மருத்துவர் ஒருவர் வாராவாரம் நெசவுத் தெருக்களுக்கு வர வேண்டும், தறிக்குழியிலேயே குனிந்து வாயைப் பார்க்க வேண்டும், சந்தேகம் இருந்தால் சதைப் பரிசோதனைக்குக் கையோடு அழைத்துப் போக வேண்டும் என்று கேட்டிருந்தேன். எங்கள் துறைத் தலைவர் அந்தப் பகுதி முழுவதையும் அடித்துவிட்டார்.

“மேடம், வைத்தியம் பண்றது ஆராய்ச்சி ஆகாது. விழிப்புணர்வுன்னு போடுங்க. அதுக்குத்தான் குடுப்பாங்க” என்றார். சொல்லும்போது அவர் வாயில் பன்னீர்ப் புகையிலை மணத்தது. அடித்த இடத்தில் தொடக்க விழா, பிளக்ஸ், பேர் அச்சடித்த பை, டெல்லிக் கருத்தரங்குக்குப் போய்வரும் செலவு எல்லாம் வந்து உட்கார்ந்தன. நிதியும் கிடைத்தது. எல்லோருக்கும் ஜாங்கிரி கொடுத்தார்கள்.

முகாமை அமாவாசையன்று வைக்கும்படி சொல்லியிருந்தேன். அன்று தறி ஓடாது, ஆட்கள் வீட்டில் இருப்பார்கள். ஆனால் சிறப்பு விருந்தினருக்கு அமாவாசையன்று வேறு வேலை இருந்ததாம். வேலை நாள் ஒன்றுக்கு மாற்றினார்கள். கூலியை விட்டுவிட்டு யார் வருவார்கள்? பந்தலை நிரப்ப எங்கள் மாணவர்களையே நாற்காலிகளில் உட்கார வைத்தார்கள். என் பேச்சைத் தட்ட முடியாமல் அண்ணன் மட்டும் தறியை நிறுத்திவிட்டு வந்தார். குளித்து, திருநீறு பூசி, வாயை உப்புப் போட்டுக் கொப்பளித்துவிட்டு, கோயிலுக்குப் போகிறவர்போல வந்து நின்றார்.

பல் மருத்துவர்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். சிறப்பு விருந்தினர் வருவதற்குள் மதியமாகிவிட்டது. மருத்துவர்கள் இருவரும் பொன்னாடையை வாங்கிக்கொண்டு, கிளினிக்கில் கூட்டம் இருக்கிறது என்று கிளம்பிவிட்டார்கள். போட்டோ எடுக்க ஒரு நெசவாளி வேண்டுமே என்று தேடியபோது அண்ணன் அகப்பட்டார். அவரை நாற்காலியில் உட்கார்த்தி, விருந்தினர் கையில் ஒரு டார்ச்சைக் கொடுத்தார்கள். “வாயை நல்லாத் தொறங்க, இன்னும் தொறங்க” என்று போட்டோகிராபர் கத்தினார். கழுத்தில் மாலையோடு விருந்தினர் டார்ச்சை அடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரித்தார். பிறகு எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.

நான் பாய்ந்து போவதற்குள் அண்ணன் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

“பார்த்துட்டாங்கம்மா. ஒண்ணும் சொல்லல. நல்லாத்தான் இருக்குதாட்டம் இருக்குது.”

“ஐயோ, அவர் டாக்டர் இல்லண்ணா.”

“இன்னாம்மா நீ. அவ்ளோ பெரிய மனுஷன், டார்ச் அடிச்சு உள்ள பார்த்துக்கினு இருந்தாரு. ஏதாச்சும் இருந்தா ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா?”

அதற்குமேல் என் பேச்சு எடுபடவில்லை. எப்போது கூப்பிட்டாலும், “அதான் காலேஜில பார்த்துட்டாங்களே” என்ற ஒரே பதில்தான். தெருவில் மற்றவர்களிடமும் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தார். இட்லியைக்கூட வாய்க்குள் நுழைக்க முடியாமல் தாடை இறுகிய பிறகுதான் மருத்துவமனைக்கு வந்தார். கன்னத்தில் ஒரு பகுதியையும் தாடை எலும்பில் பாதியையும் எடுத்துவிட்டார்கள். அங்கிருந்த டாக்டர் நல்ல மனிதர். முன்பே வந்திருந்தால் சின்னதாக வெட்டி எடுத்திருக்கலாமே என்று மட்டும் சொன்னார்.

அடுத்த முறை நிதி அறிவிப்பு வந்தபோது, நேரில் பார்த்துப்போக ஒரு குழு வரப்போகிறது என்று கல்லூரி வாசலில் பிளக்ஸ் கட்டினார்கள். முகம் தெரியாமல் வெட்டி, என் அண்ணனின் வாயை மட்டும் முறம் அளவுக்குப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் மாலையும் டார்ச்சும் சிரிப்பும். கீழே, ‘தொடக்கத்திலேயே கண்டறிவோம்’ என்று சிவப்பில் கொட்டை எழுத்து.

அதைக் கழற்றச் சொன்னேன். “யார் வாய்னு யாருக்குத் தெரியும், மேடம்?” என்றார் துறைத் தலைவர். அப்புறம் குரலைத் தாழ்த்தி, குழு வருகிற அன்று அண்ணனை மேடையேற்றினால் நன்றாக இருக்கும், இரண்டு வார்த்தை பேசினால் போதும் என்றார். பாதித் தாடை இல்லாத மனிதனைப் பேசக் கூப்பிடுகிறார். செருப்பைக் கழற்றி அடிக்க வேண்டும்போல இருந்தது. இந்த ஆராய்ச்சியில் இனி என் பெயர் இருக்கக்கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் அண்ணனைக் கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு ஆட்டோவில் அழைத்துப் போனேன். கல்லூரி வாசலில் வண்டிகள் நெருக்கிக்கொண்டு நின்றன. நான் மறைப்பதற்குள் அவர் பிளக்ஸைப் பார்த்துவிட்டார். தன் வாயை அடையாளம் தெரியாதா? வெகுநேரம் பார்த்தார். உட்கன்னத்தில் வெள்ளையாய், ஓரமெல்லாம் சிவந்து, தோசைக்கல் அளவுக்குத் தெரிந்த அந்தத் திட்டை நோக்கி விரலை நீட்டினார். அவர் பேச்சு இப்போது எனக்கும் அண்ணிக்கும் மட்டும்தான் விளங்கும்.

“இது அன்னிக்கே இருந்துதாம்மா?”

“இருந்துதுண்ணா.”

ஆட்டோ நகர்ந்தது. துண்டால் வாயோரத்தைத் துடைத்துக்கொண்டு அவர் மறுபடியும் கேட்டார்.

“அப்ப அவரு டார்ச் அடிச்சு இன்னாம்மா பார்த்தாரு?”