இரண்டாவது ஊசி

ஆபரேஷன் தியேட்டரில் அவளுக்குப் பெயர் கணக்கம்மா. பத்தொன்பது வருஷ நர்ஸ் வேலையில் எண்ணுவதுதான் பிழைப்பு. வயிற்றைத் திறக்கும் முன் ஊசி எத்தனை, பஞ்சுத்துணி எத்தனை, கத்தரி எத்தனை என்று எண்ணிப் பலகையில் எழுதுவாள். மூடும் முன் மறுபடி எண்ணுவாள். ஒன்று குறைந்தால் "கணக்கு இடிக்குது, யாரும் மூடக்கூடாது" என்பாள். எப்பேர்ப்பட்ட பெரிய டாக்டரும் அப்படியே நிற்க வேண்டியதுதான். அங்கே அவள் புலி. புகுந்த வீட்டு மனிதர்களுக்கு முன்னால் மட்டும் தனக்கு வாய் என்று ஒன்று இருப்பதே அவளுக்கு மறந்துபோகும்.

அந்த வாய் திறக்காததால்தான் நாத்தனார் பதினோரு வருஷமாக இந்த வீட்டுப் படி ஏறவில்லை. அப்போது மாமியாருக்கு இவளுடைய தியேட்டரில்தான் ஆபரேஷன். திறந்து பார்த்தார்கள். புற்று எங்கும் பரவியிருந்தது. ஒன்றும் செய்யாமல் மூடிவிட்டார்கள். வெளியே வந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டு நாத்தனார் கேட்டாள், "எல்லாம் நல்லபடியா ஆச்சா?" டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்பது ஆஸ்பத்திரி விதி. ஆனால் இவள் வாயை அடைத்தது விதியல்ல, பயம். "ஆச்சு அண்ணி" என்றுவிட்டாள். நாத்தனார் நிம்மதியாக பஸ் ஏறினாள். மறுநாள் டாக்டர் சொன்ன பிறகும், போனில் எப்படிச் சொல்வது என்று புருஷனும் பெண்டாட்டியும் நாளைக் கடத்தினார்கள். மூன்றாவது வாரம் மாமியார் போய்விட்டார். வந்து நின்ற நாத்தனார் அழக்கூட இல்லை. "உனக்கு அன்னைக்கே தெரியும். தெரிஞ்சும் என் மூஞ்சியைப் பார்த்துப் பொய் சொன்னே" என்றாள். அதோடு சரி.

இப்போது அந்தக் குடும்பம் இதே ஊருக்கு மாற்றலாகி வந்திருக்கிறது. "ஞாயித்துக்கிழமை ராத்திரி சாப்பாட்டுக்கு அக்கா வர்றா. அத்தான், பாப்பா எல்லாரும்" என்றான் கணவன். அந்தப் பாப்பாவுக்கு எட்டு வயது. இவள் பார்த்ததே இல்லை. "நீ டென்ஷனே ஆகாத, சிம்பிளா பண்ணு" என்றும் சொன்னான். அடுப்புப் பக்கம் போகாதவர்கள் சொல்கிற வார்த்தை இது.

டென்ஷன் ஆகாமல் விருந்து வைக்க அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: பட்டியல். சனிக்கிழமையே காய் நறுக்கியாகிவிட்டது. தட்டு, டம்ளர், கரண்டி எல்லாவற்றையும் எண்ணி மேஜையில் அடுக்கியாகிவிட்டது. இரண்டு முழுக் கோழி. உள்ளே சோறும் முந்திரியும் திராட்சையும் அடைத்து, ஊசி நூலால் தைத்து, ஓவனில் வைக்க வேண்டும். கோழிக்கு ஒன்றாக இரண்டு தடித்த ஊசிகளை டப்பாவிலிருந்து எடுத்தாள். அவள் போட்ட தையலைப் பார்த்தால் கோழி எழுந்து வீட்டுக்குப் போய்விடும் போலிருந்தது.

இரண்டாவது கோழியின் கடைசி முடிச்சைப் போட்டு நூலை நறுக்கும்போது வாசல் மணி அடித்தது. ஏழு மணிக்கு வர வேண்டியவர்கள் ஐந்தரைக்கே வந்துவிட்டார்கள். கோழியை ஓவனுக்குள் தள்ளிவிட்டு ஓடினாள். எண்ணவில்லை. தியேட்டரில் ஒருநாளும் செய்யாத காரியம்.

நாத்தனார் ஒன்றரை மணி நேரத்தில் இரண்டே வாக்கியம் பேசினாள். "நல்லா இருக்கியா?" "பெயின்ட் மாத்திட்டீங்களா?" அவள் வீட்டுக்காரர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக், வாய் நிறையச் சிரிப்பு. அந்த மட்டில் பிழைத்தார்கள். ஏழு மணிக்குக் கோழியை வெட்டி, நூலை உருவி, அடைத்திருந்த சோற்றை எல்லார் தட்டிலும் வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குப் போனாள்.

ஊசி டப்பா திறந்து கிடந்தது. பக்கத்தில் ஒரு ஊசி. ஒன்றுதான்.

தொட்டி, தட்டு, தரை, குப்பை, புடவை மடிப்பு என்று எல்லாம் துழாவினாள். இல்லை. எங்கே போயிருக்கும்? உள்ளே வைத்துத் தைத்திருப்பாள். வேறெங்கே! கதவு வழியே பார்த்தால், குழந்தை கரண்டியில் சோற்றை அள்ளிக்கொண்டிருந்தது.

'சூடு பண்ணித் தர்றேன்' என்று தட்டுகளை வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். ஒருவருக்கும் தெரியாது. வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஊசி கோழிக்குள் என்று சொன்னால் நாத்தனார் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்குவாள். இன்னொரு பதினோரு வருஷம் ஆனாலும் திரும்ப மாட்டாள். ஆனால் ஊசி ஏற்கனவே ஒரு வாய்க்குள் போயிருந்தால்?

"யாரும் சாப்பிடாதீங்க!"

அவள் குரல்தான். தியேட்டர் குரல். "கணக்கு இடிக்குது. ஒரு ஊசியைக் காணோம். கோழிக்குள்ள இருக்கலாம்."

"என்ன உளர்றே?" என்றான் கணவன். நாத்தனார் மகளின் கையைத் தட்டிவிட்டாள். கரண்டி தரையில் விழுந்தது.

"நான் ரெண்டு வாய் சாப்பிட்டேனே" என்றது குழந்தை.

அவள் குழந்தையிடம் ஓடினாள். "தொண்டையில குத்துச்சாடா கண்ணு? ஏதாவது வலிக்குதா?" குழந்தை தலையாட்டுகிறதா, இல்லையென்கிறதா என்றுகூடப் பிடிபடவில்லை. நாத்தனார் முகத்தில் ரத்தமே இல்லை.

"காந்தம் இருந்தா தேடிடலாம்" என்று எழுந்தார் மெக்கானிக். சமையலறை ஃப்ரிட்ஜ் கதவில் அவளுடைய டியூட்டி அட்டவணையைப் பிடித்துக்கொண்டிருந்த மாம்பழக் காந்தத்தைப் பிடுங்கினார். பிடுங்கியவர் அப்படியே நின்றார்.

"தங்கச்சி, இதுவா?"

காந்தத்தின் ஓரத்தில் ஊசி ஒட்டிக்கொண்டிருந்தது, ஒரு சாண் நூலோடு. தியேட்டரில் தைத்து முடித்த ஊசியைக் காந்தப் பலகையில் ஒட்டிவிட்டுத்தான் மறுவேலை. மணி அடித்ததும் மனசு வாசலுக்கு ஓடியிருக்கிறது, கை பழக்கத்துக்குப் போயிருக்கிறது.

உயிர் போய் உயிர் வந்தது. அவர் பின்னாலேயே வந்தவள் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நாத்தனார் உள்ளே வந்தாள். சரி, இப்போது திட்டு கிடைக்கப்போகிறது என்று இவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஏதாவது சாக்குச் சொல்லி தட்டை எடுத்துட்டுப் போயிருக்கலாமே?"

"முதல்ல அதைத்தான் நினைச்சேன் அண்ணி."

நாத்தனார் கேட்டாள், "அன்னைக்கும் பயம்தானா?"

"ஆமா அண்ணி. ரொம்பப் பயம்."

வெளியிலிருந்து குழந்தை கேட்டது. "அம்மா, இப்ப சாப்பிடலாமா?"

"சாப்பிடு. அத்தை எண்ணிட்டா" என்று குரல் கொடுத்துவிட்டு, நாத்தனார் புடவையை ஒதுக்கிக்கொண்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"இப்ப சொல்லு. அம்மா வயித்துல அன்னைக்கு என்ன பார்த்தே?"

அவள் சொல்ல ஆரம்பித்தாள். ஒன்றையும் விடவில்லை.