குனிந்து நிற்கும் ஆசாமி

நாற்பத்தொரு வயதில் ஒருவர் இன்னும் மாணவன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தால் ஊர் சும்மா இருக்குமா? தெருவில் அவருக்குக் 'குழி டாக்டர்' என்று பெயர். குழி இருந்தது, டாக்டர் பட்டம்தான் வந்தபாடில்லை. சாலையோரத்தில் நகராட்சி வெட்டி, மணலும் ஜல்லியும் நிரப்பி, மேலே புல் நட்ட பன்னிரண்டு குழிகள். மழைத்தண்ணீர் சாக்கடைக்கு ஓடாமல் இவற்றில் இறங்கி மண்ணுக்குள் போக வேண்டும். சொன்னபடி போகிறதா என்று அளந்து சொல்வதுதான் அவருடைய முனைவர் பட்ட ஆய்வு. ஏழு வருடமாக அளந்துகொண்டிருந்தார். குழி தூர்ந்தாலும் தூரும், இவர் முடிக்க மாட்டார் என்று மாமனார் வாய்விட்டே சொன்னதுண்டு. அவரும் மனசுக்குள் அதையே சொல்லிக்கொண்டதுண்டு.

ஆய்வேட்டைக் கொடுக்க ஒரு மாதம்தான் கெடு. இனி நீட்டிப்பு கிடையாது என்று பல்கலைக்கழகம் கறாராகச் சொல்லிவிட்டது. அந்த நேரம் பார்த்து கைடு மேடம் ஒரு கேள்வி கேட்டார்.

"பன்னிரண்டுல நாலு குழி மட்டும் எப்படி இவ்வளவு வேகமா உறிஞ்சுது? எல்லாம் ஒரே மண்ணு, ஒரே வயசு. அந்த நாலும் உங்க தெருவுல இருக்கு. அங்க அப்படி என்ன விசேஷம்?"

விசேஷம் மண்ணில்தான் இருக்கிறது என்று முப்பத்தெட்டுப் பக்கத்தில் அத்தியாயமே எழுதி வைத்திருந்தார். பதினோரு வரைபடங்கள். இரண்டு அவருக்கே புரியாதவை. பார்க்க அழகாக இருந்ததால் விட்டுவைத்திருந்தார். எல்லாம் ஒரே மண் என்றால் அந்த அத்தியாயம் நிற்காது. யாரோ குழியில் கை வைக்கிறார்கள். துப்புரவுப் பணியாளர் மேல்தான் முதல் சந்தேகம். நீர்மட்டம் பார்க்கக் கம்பத்தில் மாட்டியிருந்த கேமராவின் பழைய படங்களை, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

இருந்தான் ஒரு ஆசாமி. படத்துக்குப் படம், தண்ணீர் நுழையும் குழியின் வாயருகே குனிந்து, அடைத்துக்கொண்ட இலைகளை அள்ளி ஓரமாகப் போட்டுக்கொண்டிருந்தான். தொப்பை வேறு. உச்சியில் வழுக்கை.

"மாட்டிக்கிட்டான். யாருன்னு தெரியுதா பாரு."

மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவர். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"உங்க பின்மண்டைய நீங்க பார்த்ததில்ல. நான் பதினாறு வருஷமாப் பார்க்கறேன். இது நீங்கதான்."

இல்லை என்று சாதிக்கப் பார்த்தார். படத்திலிருந்த அதே கோடு போட்ட சட்டையைத்தான் அப்போதும் போட்டிருந்தார்.

பால் வாங்கப் போகும்போதெல்லாம் கை தன்பாட்டுக்கு இலையை அள்ளியிருக்கிறது. அவருக்கு ஞாபகமே இல்லை. மற்ற எட்டுக் குழிகளுக்குப் பேருந்தில் போக வேண்டும். மாதம் ஒருமுறை போய்க் கருவியை மட்டும் பார்த்துவிட்டு வருவார்.

"சாம்பிள்ல உங்க கையே பட்டிருக்கு. எங்க லேப்ல இப்படிப் பண்ணினா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க" என்ற மனைவி, சற்று யோசித்து, "நம்ம சிங்க் அடைச்சா மட்டும் இந்தக் கை எங்க போகுது?" என்றார். அவர் அடுத்த படத்துக்குத் தாவினார்.

வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. படங்களை அழிக்க ஒரு பொத்தான் போதும். இரண்டு நாள் அந்தப் பொத்தானையே சுற்றிச் சுற்றி வந்தார். வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. மூன்றாம் நாள் கைடிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். மேடம் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால்கூடத் தேவலை.

"மழைக்காலம் ஆரம்பிச்சாச்சு. இனிமே இலையத் தொடாதீங்க. நல்ல மழை ஒண்ணு வரட்டும். கையக் கட்டிக்கிட்டு நின்னு, நடக்கறத எழுதுங்க. குழி தாங்கலேன்னா அந்த அத்தியாயம் போச்சு."

கெடுவின் பத்தொன்பதாம் நாள் பிற்பகலில் மழை பிடித்துக்கொண்டது. குடையும் நோட்டுமாகப் போய் நின்றார். கால் மணி நேரத்தில் குழியின் வாய் இலையால் அடைத்துக்கொண்டது. தண்ணீர் சாலையில் தேங்கிக் கணுக்காலுக்கு ஏறியது. கை பரபரத்தது, பேண்ட் பைக்குள் திணித்துக்கொண்டார். தண்ணீர் எதிரே இருந்த தையல்கடையின் படியைத் தாண்டியது. அதற்குமேல் நிற்க முடியவில்லை. ஓடிப்போய், கடைக்கார அக்காவோடு சேர்ந்து பள்ளிச் சீருடை மூட்டைகளைத் தூக்கி மேசைமேல் ஏற்றினார்.

"அந்த இலைய ஒரு கை அள்ளிப் போட்டா போதுமே சார். தினமும் நீங்கதானே அள்ளுவீங்க?"

ஆக, தெருவுக்கே தெரிந்திருந்தது. அவருக்குத்தான் தெரியவில்லை.

"நான் தொடக் கூடாதுக்கா. ஆராய்ச்சி."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கி, இரண்டு கை இலையை அள்ளி வீசினார். தண்ணீர் சுழித்துக்கொண்டு குழிக்குள் இறங்கியது.

அவர் எழுதினார்: '3.42: தையல்கடைக்காரர் இலையை அகற்றினார். 3.46: சாலையில் நீர் இல்லை.' எழுதும்போதே மண் அத்தியாயம் போய்விட்டது தெரிந்தது. ஆனாலும் ஏழு வருடத்தில் ஒரு சந்தேகமும் இல்லாமல் அவர் எழுதிய வரிகள் இவை இரண்டுதான்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டே நோட்டை எட்டிப் பார்த்தார்.

"இவ்வளவுதானா? இதுக்கா டாக்டர் பட்டம் குடுக்கறாங்க?"

"குடுத்தா உங்களுக்குத்தான்க்கா குடுக்கணும்" என்றார் அவர். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.