எலும்பு மாவும் மெல்லிய ஊசியும்

"எம்புள்ள எலும்பு மாவு செய்யுது" என்று அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். எங்கள் ஊரான பலாபத்வலயில் எலும்பு மாவு என்றால் ஒரே பொருள்தான்: மிளகுக் கொடிக்குப் போடுகிற உரம். நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்காரர், வீதியோரம் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா, ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் வந்து நின்றார்.

"தங்கச்சி, நம்மட கொடிக்கும் ரெண்டு கிலோ கொண்டு வாங்களேன்."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. இத்தனை வருடம் படித்தது இதற்கா? "நானா, இது மனுசனுக்குப் போடுறது" என்றேன். அவர் முகம் மாறியது.

"மனுசனுக்கா? எந்த எலும்புல செய்றீங்க? மாடா, பண்டியா?"

"ரெண்டும் இல்ல. எலும்புல இருக்கிற சுண்ணாம்புச் சத்த நாங்களே லேப்ல செஞ்சு எடுக்கிறோம்."

அவர் நிம்மதியாகப் போனார். நான்தான் அன்று முழுக்க முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

உடைந்த எலும்பில் இடைவெளி விழுந்தால், நோயாளியின் இடுப்பெலும்பிலேயே கொஞ்சம் வெட்டி எடுத்து அதை நிரப்புவது பழைய வழி. ஊசி நுழைகிற அளவு துளை மட்டும் போட்டு, அதன் வழியே செலுத்தக்கூடிய ஒரு பசையை இந்த மாவில் செய்வது என் வேலை. உள்ளே போனதும் அது இறுக வேண்டும். பிறகு மெல்ல மெல்லக் கரைந்து எலும்புக்கு இடம் விட வேண்டும்.

எனக்கு இது வெறும் வேலை இல்லை. எனக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது, தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அம்மா சறுக்கி விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பை உடைத்துக்கொண்டார். கால் ஆறிவிட்டது. எலும்பு எடுத்த இடுப்புதான் ஆறவே இல்லை. கொழுந்துக் கூடை வந்து இடிக்கிற இடமும் அதுதான். "கால்ல அடிபட்டவளுக்கு இடுப்புல ஏன்டி வலி?" என்று அம்மா கேட்டார்.

என் பசை ஊசிக்குள் போக மாட்டேன் என்று அடம்பிடித்தது. தேங்காய்ப் பூவைப் பிழிந்தால் பால் வந்து சக்கை கையில் நிற்குமே, அதே கதை. தண்ணீர் ஊசி முனையில் சொட்டியது, மாவு ஊசிக் குழாய்க்குள் கட்டியாக நின்றது. மாதக்கணக்கில் இப்படி. ஆய்வுகூடத் தலைவர் பொறுமை இழந்துவிட்டார்.

"டாக்டர்கள் சதையைத் திறந்து கரண்டியால் வைக்கட்டும். அதற்கு இந்தப் பசை தாராளம்" என்று சிங்களத்தில் சொன்னார். அடுத்த கூட்டத்துக்கு எலும்புச் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர் வருகிறார், அவர் முன்னால் ஊசியில் வராவிட்டால் இந்த ஆராய்ச்சியை மூடிவிடுவோம் என்றும் சொன்னார்.

"திறக்கத் தேவையில்லை. ஊசியில் வரும், சேர்" என்றேன். என் குரல் எனக்கே முரட்டுத்தனமாகக் கேட்டது. கேட்டால் கேட்கட்டும்.

துகள்களை நுண்ணோக்கியில் பார்த்தேன். உடைந்த ஓட்டுச்சில்லுபோல முனை முனையாக இருந்தன, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வழிவிட மறுத்தன. அவற்றை உருண்டையாக்கினேன். தண்ணீர் தனியாக ஓடிவிடாதபடி அதில் பிசின் கரைத்தேன். பிசின் கூடினால் பசை இறுகவில்லை, குறைந்தால் பழையபடி சொட்டியது. முப்பது கலவைகள் குப்பைக்குப் போயின. முப்பத்தோராவதன் குப்பியில் வீம்புக்கென்றே தமிழில் எழுதி ஒட்டினேன்: எலும்பு மாவு 31.

கூட்டத்தில் நிபுணர் ஊசிக் குழாயைத் தன் கட்டை விரலால் அழுத்தினார். நான் ஊசி முனையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் சொட்டவில்லை. வெள்ளை நூலாகப் பசை வந்தது, குழாய் காலியாகும்வரை வந்தது. உடம்புக்குள் இருப்பதுபோல் வெதுவெதுப்பான உப்புநீரில் விழுந்து, கரையாமல் இறுகியது. அவர் இன்னொரு குழாயை எடுத்து மறுபடி அழுத்தினார். அதுவும் வந்தது.

தலைவர் குப்பியைத் திருப்பிப் பார்த்து, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். சிரித்துவிட்டார். "அது உரமல்லவா? பெயரை மாற்றுங்கள்."

"மாற்ற மாட்டேன், சேர். என் அம்மா வைத்த பெயர்."

ஆராய்ச்சி மூடப்படவில்லை. ஆனால் மனித உடம்புக்குள் போக இன்னும் எத்தனையோ சோதனைகள், எத்தனையோ வருடங்கள். இறுகிய நூலில் ஒரு துண்டை வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவின் உள்ளங்கையில் வைத்தேன். நகத்தால் கீறிப் பார்த்தார். மற்றக் கை தானாக இடுப்புக்குப் போனது.

"இது அப்பவே இருந்திருந்தா?"

"இடுப்புல கத்தி வெச்சிருக்க மாட்டாங்கம்மா."

அம்மா துண்டை விரல்களால் மூடிக்கொண்டார். பிறகு கேட்டார், "இனிமே மத்தவங்க இடுப்பயாச்சும் விட்டுருவாங்களா?"

"விட வைக்கிறேன்" என்றேன்.