கடைசி மூச்சில் டெங்கு

இன்று காலை எங்கள் தெருவில் டெங்கு நுளம்புக்குப் புகை அடித்துக்கொண்டு போனார்கள். அந்த மண்ணெண்ணெய் நாற்றம் மூக்கில் ஏறியதும், இருமலுக்கு முன்னால் எனக்கு வெட்கம் வந்தது. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். நான் ஒரு நாடகாசிரியன்.

வாழைச்சேனைக்கு ஆசிரியனாக வந்த புதிதில் ஒரு நாடகம் எழுதினேன். தோணியைப் பங்கிட முடியாமல் பகைத்துக்கொள்ளும் அண்ணன் தம்பி கதை. முடிவில் அண்ணன் காய்ச்சலில் தாயின் மடியில் சாவான். அண்ணன் வேடம் எனக்கு. வேறு யாரையும் நம்பி அப்படிச் சாகவிட மனம் வரவில்லை. தாயாக நடித்தவள் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்த பத்மினி. என்னைவிட வயது குறைவு. மேடை வெளிச்சம், ஓட்டமாவடியில் மின்சாரச் சாமான் கடை வைத்திருந்த ரபீக் காக்கா.

மண்டபத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் வழியில்லை. அரச அலுவலகம் ஒன்றில் கலைக்கு உதவி தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுத் துள்ளினேன். பத்மினிக்குப் பிடிக்கவில்லை.

“வார்டில ரெண்டு பிள்ளைய ஒரு கட்டில்ல போட்டிரிக்கம் சேர். அந்தக் காச நாடகத்துக்குக் கேக்கிறதா?”

கலை மனத்துக்கு மருந்து என்று ஒரு பிரசங்கம் செய்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அந்த மருந்து எங்கட வார்டுக்கு இன்னும் வரல்ல சேர்” என்றாள்.

உதவி வந்தது, கூடவே ஒரு நிபந்தனையும். ஊரில் டெங்கு பரவுகிறது, நாடகத்தில் அதைப் பற்றி ஒரு வசனமாவது வேண்டும்.

“காசு தாறவன் வசனமும் தருவான் சேர்,” என்றார் ரபீக் காக்கா. “நான் தந்தா என்ட கடைப் பேரச் சொல்லச் சொல்லுவன்.”

நாள் முழுக்க யோசித்து, அந்த டெங்கு வசனத்தைச் சாகும் அண்ணனின் வாயிலேயே வைத்தேன். சோகத்தோடு கேட்டால் மக்கள் மனதில் பதியும் என்பது என் கணக்கு.

நாடகத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. பத்மினியின் மடியில் தலை சாய்த்து, குரல் நடுங்க, “அம்மா... தேங்காச் சிரட்டையில தண்ணி தேங்க விடாதீங்கம்மா...” என்றேன். மண்டபமே சிரித்தது. “ஓம் மனே, நீ நிம்மதியாப் போ!” என்று யாரோ கத்தினார். செத்துக் கிடந்த எனக்கு உண்மையாகவே செத்துவிடலாம் போலிருந்தது.

சிரிப்பு அடங்கும்வரை பத்மினி காத்திருந்தாள். பிறகு என் நெற்றியைத் தடவி, நான் எழுதாத ஒன்றைச் சொன்னாள்.

“கட்டில் இல்ல, கீழ பாயில போடுங்க எண்டாங்க. போட்டன் மகன். காய்ச்சல் விட்டிட்டு எண்டு நினைச்சன்... நீ குளிந்து போய்க் கிடக்கிறாய்.”

வார்டில் ஒரு தாய் சொல்லி அவள் கேட்டது அது. முன்வரிசையில் இருந்த, உதவி தந்த அலுவலகத்து அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிணமான என் கண்ணிலிருந்தும் நீர் வழிந்தது. நான் நன்றாக நடித்த இடம் அதுதான் என்று பிறகு பலர் பாராட்டினார்கள்.

மறுநாள் மூவரும் காக்காவின் கடையில் தேநீர் குடிக்கும்போது அவர் பத்மினியிடம் கேட்டார்: “இப்பச் சொல்லுங்க மிஸ்ஸி, அரசாங்கம் நாடகத்துக்குக் காசு குடுக்கலாமா?”

“குடுக்கட்டும் காக்கா. கட்டிலும் குடுக்கட்டும். வசனத்த மட்டும் எங்கட்ட விடட்டும்.”

“சேரிட்ட விட்டிராதீங்க,” என்றார் காக்கா.

அடுத்த முறை கேட்டபோது உதவி கிடைக்கவில்லை, காரணமும் சொல்லவில்லை. பத்மினி கனடாவுக்குப் போய்விட்டாள். காக்கா காலமாகிவிட்டார். இப்போது விழாக்களுக்கு என்னிடம் நாடகம் எழுதி வாங்குகிறார்கள். செலவெல்லாம் அரசாங்கம் பார்த்துக்கொள்கிறது. என்ன எழுதிக் கொடுத்தாலும் “நல்லாயிரிக்கு சேர்” என்கிறார்கள். முகத்துக்கு நேரே சிரிக்க ஒருவர்கூட மிச்சமில்லை.