பன்னிரண்டாவது ஆள்

அண்ணாவின் ஆட்டத்தைப் பார்க்கச் சின்ன மாமா வந்த ஞாயிற்றுக்கிழமை, அம்மா எனக்கு ஒரே ஒரு கட்டளைதான் போட்டார். மாமா எந்த ஊரிலிருந்து வந்தார் என்று யாரிடமும் மூச்சு விடக்கூடாது. மாமாவின் அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை. அதுவரை அவர் தங்கியிருந்த முகாம் இருக்கும் மாவட்டத்தைத் தாண்டுவதென்றால் அவர் அனுமதி வாங்க வேண்டும். கேட்டார், கொடுக்கவில்லை. ரயிலேறி நாங்கள் இருந்த பிராங்பேர்ட்டுக்கு வந்துவிட்டார். எனக்கு அப்போது ஒன்பது வயது. இதில் ஒரு குற்றம் இருப்பதாக எனக்குத் தோன்றவேயில்லை. இரகசியம் கிடைத்த பெருமைதான் இருந்தது.

தொண்ணூறுகளில் எங்கள் பகுதிப் பையன்களுக்கு அமெரிக்கன் ஃபுட்போல் பைத்தியம் பிடித்திருந்தது. அண்ணாவும் ஒரு சின்னக் கழகத்தில் ஆடினார். பார்க்க வரும் பெற்றோர்தான் கோட்டோரம் நின்று, தூரம் அளக்கும் சங்கிலியின் கம்புகளைப் பிடிக்க வேண்டும். அன்று ஒரு தகப்பன் வரவில்லை. யாரோ ஒருவர் கம்பை மாமாவின் கையில் திணித்துவிட்டுப் போனார். யார் கண்ணிலும் படாமல் நிற்க வந்த மனிதர், செம்மஞ்சள் மேலங்கி மாட்டிக்கொண்டு மைதானம் முழுக்கத் தெரிய நின்றார்.

ஆட்டத்தின் நடுவில் அண்ணாவுக்குப் பதிலாக இன்னொருவன் உள்ளே ஓடினான். அண்ணா வெளியே வர வேண்டும். அவர் ஆடி அசைந்து கோட்டை எட்டுமுன் பந்தைப் போட்டு ஆடத் தொடங்கிவிட்டார்கள். களத்தில் பதினொரு பேருக்குப் பதிலாகப் பன்னிரண்டு பேர். தவறு நடந்ததற்கு அடையாளமாக நடுவர் எறிந்த மஞ்சள் துணி மாமாவின் காலடியில் வந்து விழுந்தது. பிறகு விசில் சத்தம். மாமா கம்பைப் போட்டுவிட்டு ஒரே ஓட்டம்.

சொசேஜ் சுடுகிற கூடாரத்துக்குப் பின்னால் அவரைக் கண்டுபிடித்தேன்.

"மாமா, அது உங்களுக்கில்லை, அண்ணாவுக்கு! ஒராள் கூடிப்போச்சு. அஞ்சு யார் தூரம் பின்னுக்குப் போக வேணும், அவ்வளவுதான்."

மாமாவுக்கு மூச்சு வாங்கியது. "அஞ்சு யார் தூரத்தோட விட்டிடுவினமோ?"

எட்டிப் பார்த்தால் அதுகூட இல்லை. நடுவர் எதிரணித் தலைவனிடம் ஏதோ கேட்டார், அவன் தலையை ஆட்டினான், ஒருவரும் பின்னுக்குப் போகவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு பெண்மணியிடம் ஜெர்மனில் விசாரித்து வந்து சொன்னேன்.

"மற்றப் பக்கம் தண்டனை வேண்டாம் எண்டிட்டினம் மாமா. அவை அப்பிடிச் சொல்லலாமாம்."

"பிழை விட்டது உண்மையா இருந்தாலுமோ?"

"ஓம். சட்டத்திலேயே இருக்காம்."

"நல்ல சனம்," என்றார் மாமா. திரும்பிப் போய்க் கம்பை எடுத்து, ஆட்டம் முடியும்வரை நிமிர்ந்து நின்றார். அவரை அப்படிப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மாலையில் தொலைபேசி அடித்தது. ரயில் நிலையத்தில் பொலிஸ் மாமாவை மறித்து, அனுமதிக் கடிதம் கேட்டிருந்தது. அப்பா வேலையில் இருந்தார், அண்ணா இன்னும் வீடு திரும்பவில்லை. வீட்டில் ஜெர்மன் தெரிந்த ஆள் நான்தான் என்று அம்மா ரிசீவரை என் காதில் வைத்தார். பொலிஸ்காரர் கேட்டதை மாமாவுக்கும், மாமா சொன்னதை அவருக்கும் மாற்றி மாற்றிச் சொன்னேன். கடைசியில் மாமா குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளை, இவருக்கு அந்த மஞ்சள் துணிக் கதையைச் சொல்லிப் பாரன். இவையும் வேண்டாம் எண்டு விடலாம்தானே?"

ஒன்று விடாமல் சொன்னேன். அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்தார். நல்ல ஜெர்மன் பேசுகிறாய் என்று பாராட்டிவிட்டு வைத்துவிட்டார்.

"என்னவாம்?" என்றார் அம்மா.

"சிரிச்சவர். விட்டிடுவார்."

விடவில்லை. அபராதம் போட்டு முகாமுக்குத் திருப்பி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு மாமா முகாமைவிட்டு எங்கும் கிளம்பவில்லை.

அண்ணா எனக்கு அந்த ஆட்டத்தை விளக்கியது பல வருடங்களுக்குப் பிறகுதான். அவருடைய அணி எறிந்த பந்து எதிரணியின் கையில் போய் விழுந்திருந்தது. தண்டனையை ஏற்றுக்கொண்டால் அந்த ஒரு எறிதலைத் திரும்ப ஆட வேண்டும், பந்தையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதனால்தான் வேண்டாம் என்றார்களாம். மாமாவை விட்டுவிட்டால் அந்தச் சிரித்த மனிதருக்கு எந்தப் பந்தும் கிடைக்கப் போவதில்லை என்பது, தொலைபேசியை வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்துச் சிரித்த எனக்கு அன்று விளங்கவில்லை.