ஃபில்டர் தனகோடி

தனகோடிக்கு மறதி என்பதே கிடையாது. குடியாத்தத்தில் அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது அவளுடைய அம்மாவை ஒரு தறிக்காரர் நாலு பேர் முன்னால் "நூல் திருடி" என்று சொல்லிவிட்டார். அந்த ஆள் வீட்டுத் தெரு வழியாகப் போனால் பஸ் ஸ்டாண்டுக்கு ஐந்து நிமிஷம். அவள் பதினோரு வருஷம் ஊரைச் சுற்றிக்கொண்டு போனாள். அவர் செத்த அன்றைக்குத்தான் அந்தத் தெருவில் கால் வைத்தாள். துக்கம் விசாரிக்க இல்லை, குறுக்கு வழி திறந்துவிட்டதே என்று. இப்படிப்பட்டவளிடம் போய் வாலாட்டினார் சுப்பராயன்.

ஆம்பூருக்கு வெளியே இருக்கிற ஒரு ஷூ கம்பெனியில் அவர் மெர்ச்சண்டைசிங் மேனேஜர், வெளிநாட்டு ஆர்டர்களைப் பேசி முடிக்கிறவர். தனகோடி அதே கம்பெனியில் செக்கிங் டேபிளில் சேர்ந்து, தபாலில் பி.காம். முடித்தவள். கொரோனா வந்து சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர்கள் யாரும் விமானம் ஏற முடியாமல் போனபோது எல்லாப் பேச்சும் வீடியோவுக்கு வந்தது. ஆபீசில் இருந்த பெரிய படிப்புக்காரர்களெல்லாம் திரையில் நெற்றியை மட்டும் காட்டிக்கொண்டு, "கேக்குதா? கேக்குதா?" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். தனகோடி இரண்டே நாளில் கற்றுக்கொண்டாள். அன்றிலிருந்து கம்பெனியின் எல்லா மீட்டிங்குக்கும் அவள்தான் ஹோஸ்ட்.

பார்க்கிறவர்களுக்கு அது சும்மா பட்டன் தட்டுகிற வேலை. செய்து பார்த்தால் தெரியும். பத்து நிமிஷம் முன்னாலேயே போய் உட்கார வேண்டும். வெயிட்டிங் ரூமில் நிற்கிறவர்களை ஆள் பார்த்து உள்ளே விட வேண்டும். தோல் பதனிட்டுத் தருகிற ராணிப்பேட்டை டேனரிக்காரர் வீட்டுக் குக்கர் விசில் அடித்தால், அடுத்த விசிலுக்குள் அவர் மைக்கை அடைக்க வேண்டும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் யார் மனசும் நோகாமல் ஒருவரை நிறுத்த வேண்டும். போதாக்குறைக்கு, தோல் கலர் காட்டுவதற்கென்று அவளே ஒரு முறை வைத்திருந்தாள். சாம்பிள் ரூமின் வடக்கு ஜன்னல் பக்கம், காலை வெளிச்சத்தில், தோலுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். தாள் திரையில் வெள்ளையாகத் தெரிந்தால் தோலும் தன் கலரில் தெரிகிறது என்று அர்த்தம். பிடிப்பது சாம்பிள் தைக்கிற தில்ஷாத். அந்தத் தாள் இல்லாமல் ஒரு கலரும் ஓகே ஆனதில்லை, அந்த மார்ச் மாதம் வரைக்கும்.

மார்ச்சில் இத்தாலிக்கு அனுப்பிய தோல் துண்டு கொரியரில் எங்கேயோ மாட்டிக்கொண்டது. சுப்பராயனுக்குப் பொறுக்கவில்லை.

"வீடியோலயே ஓகே வாங்கிடலாம்," என்றார்.

"அப்ப தில்ஷாத்தை ஜன்னலாண்ட நிக்க வைக்கிறேன் சார். தாள் ரெடியா இருக்கு."

"நான் பேசுற மீட்டிங்குல சாம்பிள் ரூம் பொம்பள கை இன்னாத்துக்கு? தாளாம், தாளு! நீ கம்முனு பட்டனைப் பாரு."

தன் கேபினிலிருந்து, தன் லேப்டாப் முன்னால், தானே தோலைத் தூக்கிப் பிடித்தார். திரையில் அது செக்கச்செவேலென்று, எண்ணெய் தடவிய மாதிரி மின்னியது. இத்தாலிக்கார அம்மா கிளாவ்டியா, "இதைத்தான் கேட்டேன்," என்று துள்ளினாள். மூவாயிரத்து இருநூறு ஜோடி வெட்டினார்கள்.

ஜூனில் சரக்கு அங்கே போய்ச் சேர்ந்தது. பெட்டியைத் திறந்த கிளாவ்டியா வீடியோவில் வந்து கத்தினாள். நான் பார்த்தது சிவப்பு, வந்திருப்பது சாணிக் கலர், ஒரு ஜோடிகூட வேண்டாம் என்றாள். முதலாளி வஹாப் பாய் திரையில் தன் கட்டத்துக்குள் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். சுப்பராயன் கண் இமைக்காமல் சொன்னார், "எங்க ஹோஸ்ட் பொண்ணு வீடியோவுக்கு ஏதோ ஃபில்டர் போட்டுடுச்சு. விவரம் பத்தாத பொண்ணு."

ஹோஸ்ட் எத்தனை பட்டன் தட்டினாலும் அடுத்தவர் வீடியோவுக்கு ஃபில்டர் போட முடியாது. அது அவரவர் மெஷினில் அவரவர் போட்டுக்கொள்வது. அந்தக் கூட்டத்தில் இது தெரிந்த ஒரே ஆள் அவள்தான். வாயைத் திறப்பதற்குள் சுப்பராயன் முந்திக்கொண்டார்.

"தனகோடி, அன்மியூட் பண்ணு. சொல்லு. சாரி, மை மிஸ்டேக்."

பதினாலு கட்டங்கள், பதினாலு முகங்கள். வீட்டில் பொண்ணு பத்தாவது படிக்கிறாள். புருஷன் மதியழகனுக்குத் தீப்பெட்டி யூனிட்டில் வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. தனகோடி அன்மியூட் பண்ணினாள்.

"சாரி. மை மிஸ்டேக்."

அதோடு விட்டாரா அந்தப் புண்ணியவான்? அந்த மாதம்தான் அவளுக்கு ஸ்டாஃப் கார்டு கொடுப்பதாக இருந்தது. தொழிலாளிக்கு நீலக் கார்டு, ஸ்டாஃபுக்குப் பச்சை. ஐந்து வருஷம் ஆபீசில் வேலை பார்த்தும் அவள் கழுத்தில் நீலம்தான் தொங்கியது. கார்டு கொடுக்கிற அன்று பத்து மணிக்குக் கேபினுக்கு வரச் சொன்னார். போனாள். கதவு சாத்தியிருந்தது. கண்ணாடி வழியாக அவர் போனில் சிரித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. போகிற வருகிறவர்கள் பார்க்க முக்கால் மணி நேரம் நின்றாள். பத்தே முக்காலுக்கு வெளியே வந்தவர், "இன்னும் நிக்கிறியா? உனக்கு இந்த வருஷம் இல்லம்மா," என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

மறுநாள் கட்டிங் செக்ஷனில் எவனோ, "ஏய் ஃபில்டர் வருதுடா," என்றான். ஒரு வாரத்தில் கம்பெனி முழுக்க அவளுக்கு ஃபில்டர் தனகோடி என்று பெயராகிவிட்டது. கேன்டீனில் காபி கொடுக்கிறவன்கூட, "ஃபில்டருக்கு ஃபில்டர் காபி," என்று இளித்தான். அந்தச் சரக்கு திரும்பி வந்ததால் ஒன்பது நாள் லைன் நின்றது. வேலை இல்லாமல் வீட்டுக்குப் போன பெண்கள் அவள் காதுபடத் திட்டினார்கள். கம்பெனி பஸ்ஸில் அவள் பக்கத்து சீட்டு காலியாகவே வந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். வயிறு எரியும். எரியட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஆகஸ்டில் ஒருநாள் சுப்பராயன் கூப்பிட்டார். "மைக் வேலை செய்யல, பேஜாரா இருக்கு. வந்து பாரு."

லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி செட்டிங்ஸைத் திறந்தாள். மைக்குக்குப் பக்கத்தில் வீடியோ. அங்கே இரண்டு டிக். ஒன்று, முகச் சுருக்கத்தை வழித்துப் பளபளப்பாக்குவது. இன்னொன்று, முகத்துக்குச் செம்மை ஏற்றுகிற ஃபில்டர். ஐம்பத்தாறு வயது, தலைக்கு மை பூசுகிற மனுஷன், திரையில் மாப்பிள்ளை மாதிரித் தெரிய வேண்டும் என்று மகனிடம் சொல்லிப் பிப்ரவரியிலேயே போட்டுக்கொண்டிருக்கிறார். அவர் முகத்தைச் சிவப்பாக்கியது அவர் கையிலிருந்த தோலையும் சிவப்பாக்கிவிட்டது. அட பாவி!

தனகோடி மைக்கை மட்டும் சரி செய்தாள். அந்த இரண்டு டிக்கையும் தொடவில்லை. மூடிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

தில்ஷாத்திடம் மட்டும் சொன்னாள். அவள் குதித்தாள். "யக்கா, இப்பவே பாய்கிட்ட போய்ச் சொல்லு! எதுக்குக் கம்முனு இருக்கே?"

"ரூமுக்குள்ள போய்ச் சொன்னா ரூமுக்குள்ளயே அமுக்கிடுவான் தில்ஷா. பதினாலு பேர் பாக்க என்னை சாரி சொல்ல வெச்சான். அந்தப் பதினாலு பேரும் இருக்கணும்."

"அதுக்குள்ள அவனே அந்த டிக்கை எடுத்துட்டா?"

"மாட்டான். கண்ணாடில பாத்துக்குற மூஞ்சியை விட அந்த மூஞ்சி அவனுக்குப் புடிச்சிருக்கு."

அடுத்த கலர் மீட்டிங் செப்டம்பரில். அதுவரை சரக்கு எப்போது கப்பலேறும் என்கிற பேச்சுதான் நடக்கும், தோலைத் தூக்கிக் காட்டுகிற வேலை வராது. இருந்தாலும் ஒவ்வொரு மீட்டிங்கிலும் சுப்பராயனின் கட்டத்தைத்தான் முதலில் பார்ப்பாள். முகம் பளபளவென்று இருந்தால் அவளுக்கு நிம்மதி. காரியம் பிசகினால் நீலக் கார்டும் போய்விடும் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. போனால் போகட்டும், அந்தப் பெயரோடு இன்னொரு வருஷம் இந்த வாசலைத் தாண்ட மாட்டேன் என்று முடிவு செய்துவிட்டாள்.

செப்டம்பர் மீட்டிங் வந்தது. கிளாவ்டியா, அவளுக்கு மேலே இருக்கிற பெரிய ஆள், டேனரிக்காரர்கள், வஹாப் பாய், எல்லோரும் இருந்தார்கள். இந்த முறையும் சுப்பராயன் கேபினிலிருந்தே தோலைத் தூக்கிப் பிடித்தார். இந்த முறையும் திரையில் அது சிவந்து மின்னியது. கிளாவ்டியா தலையை ஆட்ட ஆரம்பித்தாள். ஓகே என்று சொல்லிவிட்டால் மறுபடியும் வெட்டுவார்கள், மறுபடியும் லைன் நிற்கும். அந்த வார்த்தை வருவதற்கு முன்னால் தனகோடி இரண்டு கட்டங்களைப் பெரிதாக்கினாள்.

ஒன்றில் சுப்பராயன். இன்னொன்றில் வடக்கு ஜன்னல், தில்ஷாத்தின் கை, அதே தோலிலிருந்து வெட்டிய துண்டு, பக்கத்தில் வெள்ளைத் தாள். தாள் வெள்ளையாக இருந்தது. தோல் சாணிக் கலரில் இருந்தது.

எது நிஜம் என்று கிளாவ்டியா கேட்டாள்.

சுப்பராயனுக்குப் பழக்கதோஷம். "தனகோடி! மறுபடி ஃபில்டர் போட்டியா? எடுத்துத் தொலை!"

தனகோடி யாரும் சொல்லாமல் தானே மைக்கைத் திறந்தாள். "எனக்கு விவரம் பத்தாது சார். உங்களையே ஹோஸ்ட் ஆக்கிட்டேன். எல்லா பட்டனும் இப்ப உங்ககிட்ட இருக்கு. ஸ்கிரீனை ஷேர் பண்ணி, ஹோஸ்ட் எங்க ஃபில்டர் போடறதுன்னு எல்லாருக்கும் காட்டுங்க."

அவர் திரை எல்லோருக்கும் தெரிந்தது. அம்புக்குறி அங்கும் இங்கும் அலைந்தது. முதலில் வஹாப் பாய் மைக்கை அடைத்தார். பிறகு தன் மைக்கையே அடைத்துக்கொண்டார். தேடினார், தேடினார். இருந்தால்தானே கிடைக்கும்? கடைசியில் அவர் கை தன் சொந்த வீடியோ செட்டிங்ஸில் போய் விழுந்தது. இரண்டு டிக்கும் அங்கே உட்கார்ந்திருந்தன.

"அதை எடுங்க சார்," என்றாள் தனகோடி.

எடுத்தார். சுருக்கம் திரும்பி வந்தது. கையிலிருந்த தோல் சாணிக் கலருக்கு இறங்கியது. டேனரிக்காரர் ஒருவர் மைக்கை அடைக்க மறந்து வாய்விட்டுச் சிரித்தார். கிளாவ்டியா சிரிக்கவில்லை. அப்படியானால் மார்ச் மாதம் நான் பார்த்ததும் இதுதானா என்று கேட்டாள்.

சுப்பராயன் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. தனகோடி மூன்று மாதமாகத் தினமும் மனசுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தையை அப்போது எடுத்தாள்.

"அன்மியூட் பண்ணுங்க சார். சொல்லுங்க."

ஒரு நிமிஷம் ஆனது அவருக்கு அந்தப் பட்டனைக் கண்டுபிடிக்க. அத்தனை பேரும் காத்திருந்தார்கள்.

"சாரி," என்றார் சுப்பராயன். "மை மிஸ்டேக்."

தனகோடியின் வயிறு குளிர்ந்தது. பொய் எதற்கு, குளிரத்தான் செய்தது.

வெள்ளிக்கிழமை வஹாப் பாய் தன் கையாலேயே பச்சைக் கார்டைக் கொடுத்தார். கலர் வேலையை சுப்பராயனிடமிருந்து பிடுங்கிவிட்டு, சரக்கைக் கப்பலேற்றுகிற காகிதங்களை மட்டும் அவரிடம் விட்டு வைத்தார். கேன்டீன்காரன் வெறுமனே, "காபியா அக்கா?" என்று மட்டும் கேட்டான். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். நல்லபடியாக முடிந்தது, இத்தோடு விட்டுவிடலாம் என்று வேறு யாராவது நினைத்திருப்பார்கள்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு மீட்டிங். வெயிட்டிங் ரூமில் சுப்பராயன் பெயர் வந்து நின்றது. தனகோடி மற்றவர்களை ஒவ்வொருவராக உள்ளே விட்டாள். பத்தே காலுக்கு அவளுடைய போன் அடித்தது. அவர்தான். கவிழ்த்து வைத்தாள்.

"சுப்பராயன் வரலியா?" என்று வஹாப் பாய் கேட்டார்.

"வெளிய நிக்கிறார் பாய்."

"உள்ள விடும்மா."

"முக்கால் மணி நேரம் ஆகட்டும் பாய்."

வஹாப் பாய் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு டேனரிக்காரரிடம், "நீங்க சொல்லுங்க," என்றார்.

சரியாகப் பத்தே முக்காலுக்குத் தனகோடி பட்டனைத் தட்டினாள். சுப்பராயனின் முகம் வந்தது, எந்த ஃபில்டரும் இல்லாமல்.

"இன்னும் நிக்கிறீங்களா சார்?" என்றாள்.